அச்சைப் பார்க்கச் சொன்ன நஸீமா ராத்தா

நுவரெலியா கிளினிக்கில் என் மகளுக்குக் காது மெஷின் மாட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் என் போன் அடித்தபோது அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டரை வயதில் அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தோடேயே போனை எடுத்தேன். நான் வேலை செய்யும் கடையின் முதலாளி பேசினார்.

"நஸீமா ராத்தா மவுத்தாகிட்டாங்கம்மா. விடிய சுபஹு தொழுதுட்டு ஒக்காந்தவங்க எழும்பல்ல."

மகள் திரும்பியதை முதலில் ராத்தாவிடம்தான் சொல்ல நினைத்திருந்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்; முஸ்லிம் அக்காமாரை ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். பொகவந்தலாவை பசாரில், போட்டோகொப்பி எடுக்கும் சின்னக் கடையில் நானும் அவரும் நான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வாங்குகிற சில்லறையை எல்லாம் ஒரு தடவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மேசை லாச்சியில் போடுவார். பிழையாக அடிக்கப்பட்ட காசு கிடைத்தால் தன் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார்.

நான் சேர்ந்த புதிதில் தேயிலைத் தோட்டத்துத் தம்பி ஒருவர் ஐந்து ரூபாய்க் குற்றிக் காசு ஒன்றை நீட்டிக் கத்தினார். அதில் சிங்களம் முழுசாக இருந்தது, தமிழ் 'இலங்கை'யில் மட்டும் 'ங்' இல்லை.

"நம்ம எழுத்த மட்டும் வேணும்னே சொரண்டியிருக்கானுக, பாருங்க!"

எனக்கும் ரத்தம் கொதித்தது. ராத்தா விரலால் தடவிப் பார்த்தார்.

"சொரண்டினா பள்ளம் விழும் தம்பி. இது வழுவழுன்னு இருக்கு. காசு அடிக்கிற அச்சுல எண்ணெயும் தூசியும் அடைச்சிருக்கு, எழுத்து எழும்பல்ல. ஒங்களோட யாருக்கும் கோபமில்ல."

அந்தத் தம்பிக்குப் பெரிய ஏமாற்றம்.

கைபட்டுத் தேய்ந்த காசு வேறு, தேய்ந்த அச்சில் பிறந்த காசு வேறு என்பார். பின்னது புதிதாக மினுங்கும்போதே எழுத்து மங்கலாக இருக்கும். காசில் மெல்லிய கோடு மேடாக ஓடினால் அது கீறல் இல்லை, அச்சில் விழுந்த வெடிப்பு. "காசப் பழி சொல்லாம அச்சப் பாக்கணும்" என்பதை எத்தனை தரம் சொல்லியிருப்பார்!

என் மகள் இரண்டு வயது தாண்டியும் பேசவில்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான் வேலைக்குப் போவது, போன் பார்ப்பது என்று எல்லாம் என்னிடமே வந்து முடிந்தது. கணவர் கொழும்பில். மாமியார் மட்டும் சிரிப்பார்: "அவ அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான். இப்ப மூட மாட்டேங்கிறான்."

மாமியாருக்குக் காய்ச்சல் கண்ட ஒருநாள் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போனேன். ராத்தா பார்த்துக்கொண்டிருந்த சில்லறை கைதவறிச் சிமெந்துத் தரையில் கொட்டியது. கடையே திரும்பியது. அவளுக்குப் பின்னால்தான் விழுந்தது, அவள் திரும்பவில்லை. ராத்தா குனிந்து பொறுக்கினார். பிறகு வேண்டுமென்றே, அவள் முதுகுக்குப் பின்னால், மறுபடியும் கொட்டினார்.

"புள்ள, பேச்சுல பிழையில்ல. பேச்சு காசுன்னா, காதுதான் அச்சு. காது டாக்டர்கிட்ட காட்டுங்க."

என் பிள்ளையைக் காசு மாதிரி சோதித்துவிட்டாரே என்று மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் அவரே கிளினிக்குக்கு நம்பர் எடுத்துவிட்டு, "கோபத்த பஸ்ஸுல வச்சுக்கலாம், கிளம்புங்க" என்றார். காது கேட்கவில்லை என்ற முடிவைக் கேட்டு நான் அழுதபோது ராத்தா என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்று அவருக்காக நாற்பதாம் நாள் கத்தம் ஓதுகிறார்கள். பக்கத்து நாற்காலியில் இப்போது கடதாசிக் கட்டுகள் அடுக்கியிருக்கிறார்கள். பேச்சுத் துணை இல்லாத அந்தக் கடையில் பிள்ளையைப் பற்றிய பயமெல்லாம் என்னோடேயே உட்கார்ந்திருக்கிறது.

ராத்தாவின் படத்தைப் போனில் காட்டி, தினமும் மகளிடம் 'ராத்தா' என்று அந்தப் பெயரைச் சொல்கிறேன். நேற்றுக் காலை அவள் வாயிலிருந்து "த்தா" என்று வந்தது.

"பிஸ்கட்டு 'தா'ன்னு கேக்குறா, பாரு!" என்றார் மாமியார்.

எனக்குப் பெயராகத்தான் கேட்டது. என் ஆசைக்குக் கேட்டதோ என்னவோ, பிரித்துச் சொல்ல ஆளில்லை. பிஸ்கட்டைக் கொடுத்தேன். உங்களிடமும் சொல்லிவிட்டேன், ராத்தா. அமைதியாக உறங்குங்கள்.