குடல்வால் இல்லை, பை

மாதத்துக்கு ஒரு முறை எனக்கு ஒரு அட்டைப்பெட்டி தபாலில் வரும். நெதர்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் டெல்ஃப்ட் நகரத்தில், வீட்டில் ஆள் இல்லையென்றால் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். போன வாரமும் அப்படித்தான். பக்கத்து வீட்டு மரைக்கே எழுபதைத் தாண்டிய அம்மாள். பெட்டியை வேலிக்கு மேலே நீட்டிக்கொண்டே, “எடையே இல்லையே, உள்ளே என்ன?” என்று கேட்டாள். இந்த ஊரில் கேள்வியைச் சுற்றி வளைக்க மாட்டார்கள். நானும் எனக்குத் தெரிந்த டச்சில் நேராகவே சொன்னேன். “பை. வயிற்றில் ஒட்டிக்கொள்கிற பை. மலம் அதில்தான் வரும்.” மரைக்கே தலையை ஆட்டினாள். “ஓ, ஸ்டோமாவா? என் அண்ணனுக்கும் இருந்தது. நாளைக்கு மழை என்கிறார்கள், துணி காயப்போட்டுவிடாதே.” அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். நான் பெட்டியை வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். இதே வார்த்தையைச் சொல்வதற்குத் தஞ்சாவூரில் ஒரு குடும்பத்தையே எதிர்த்து நின்றவள் நான். இங்கே அதற்கு ஒரு தூறலுக்கு உள்ள மரியாதைகூட இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

என் கணவர் லூர்து, கடலடி மண்ணை வாரும் கப்பல்களில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். நான் கண்ணாடிக் கூடாரத் தோட்டத்தில் குடைமிளகாய் தரம் பிரிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் அவர் ஊருக்குப் போவோம். போன வருடம் போனது கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்கு. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எனக்கு அடிவயிற்றில் இடப்பக்கம் வலி. எங்கள் பக்கத்தில் வயிற்று வலிக்கு ஒரே பெயர்தான், வாயு. யாரைக் கேட்டாலும் வாயு. ஓமத்தண்ணீர் குடித்தேன், மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்தேன், யாரோ வாங்கி வந்த கோலிசோடாவும் குடித்தேன். கல்யாண வீட்டில் மூத்த மருமகள் படுத்தால் நன்றாகவா இருக்கும் என்று பந்தியிலும் குனிந்து பரிமாறினேன். இது எங்கள் ஊர்ப் பெண்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம். நான் அதை எந்தக் குறையும் வைக்காமல் செய்து முடித்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து வீடு வந்து சேர்ந்த அரை மணி நேரத்தில் விழுந்துவிட்டேன். காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனார்கள். ஒரத்தநாட்டு வழியில் எத்தனை வேகத்தடை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

பெருங்குடல் ஓட்டையாகி உள்ளே சீழ் பரவியிருந்ததாம். மார்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை கிழித்து, கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, மிஞ்சிய குடலின் முனையைத் தொப்புளுக்கு இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். கோவைப்பழம் அளவுக்குச் சிவப்பாக ஒன்று, அதன் மேல் ஒரு பை. ஆறு மாதம் கழித்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். எனக்கு உயிர் பிழைத்ததே அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லூர்து மட்டும் குனிந்து, “ஸ்டெல்லா, நீ இருக்க. அது போதும். மத்ததெல்லாம் பைப் வேலைதான், எனக்குத் தெரிஞ்ச வேலை,” என்றார். சிரித்தேன். சிரித்தால் தையல் எப்படி இழுக்கும் என்று வயிறு கிழிபட்டவர்களுக்குத் தெரியும்.

அது ஆறு கட்டில் போட்ட பெண்கள் வார்டு. ஆண்கள் மாலை நான்கு முதல் ஆறு வரைதான் வரலாம். மற்ற நேரத்துக்குக் கூட இருக்க ஒரு பெண் வேண்டும். என் மாமியார் வந்தார். அத்தை கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கால் சில்லிட்டால் தன் சேலைத் தலைப்பால் சுற்றிவிடுவார். வேளாங்கண்ணி மாதாவுக்கு எனக்காகப் பொருத்தனை செய்துகொண்டு மூன்று நாள் பச்சைத் தண்ணீரோடு இருந்தார். அந்த மூன்று நாளும் டாக்டர் காலையில் வந்து கேட்டது ஒரே கேள்விதான், “காத்து பிரிஞ்சுதா?” பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம், அப்போதுதான் கஞ்சி. டாக்டர் போனதும் அத்தை கேட்பார், அடுத்த கட்டில்காரி கேட்பாள், தரை துடைக்க வரும் அம்மா கேட்பார், நெதர்லாந்திலிருந்து போனில் என் கல்லூரிக்காரப் பிள்ளை கேட்பான். மூன்றாம் நாள் மாலை, லூர்து பக்கத்தில் இருந்தபோது, பை மெல்லப் பூரி மாதிரி உப்பியது. “சிஸ்டர்! உப்பிடுச்சு!” என்று அவர் போட்ட சத்தத்தில் மற்ற ஐந்து கட்டிலும் திரும்பிப் பார்த்தன. அடுத்த கட்டில்காரி கைதட்டினாள்.

உப்பியதோடு நின்றால் பரவாயில்லை. மறுநாள் காலை பை நிறைந்து ஓரத்தில் கசிந்தது. லூர்துவும் கூட இருந்தபோது நர்ஸ் ஒருமுறை எப்படி என்று காட்டியிருந்தாள், ஆனால் அத்தை அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். இப்போது கிட்டே வந்தார், மூக்கைப் பொத்தினார், திரும்பிப் போய்விட்டார். வார்டு முழுக்க நாற்றம். நான் உடம்பு எரிய எரிய, “ஏங்க!” என்று கத்தினேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த லூர்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். “சார், இது பொம்பளைங்க வார்டு, வெளில போங்க,” என்று சிஸ்டர் குறுக்கே வந்தார். “போறேன் சிஸ்டர். ஸ்க்ரீனை மட்டும் இழுத்துவிடுங்க. பத்து நிமிஷத்துல போயிடுறேன்,” என்றபடி சட்டைக் கையை மடித்துக்கொண்டார். வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தார், புதுப் பையில் அளவெடுத்து ஓட்டை வெட்டினார், ஒட்டிவிட்டு உள்ளங்கைச் சூட்டில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தார். எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். பழைய பையை எடுத்துக்கொண்டு வார்டின் குறுக்கே நடந்து கழிவறைக்குப் போனபோது எல்லாரும் பார்த்தார்கள். அன்று மாலை சிஸ்டர் அவரிடம், “காலைல ஆறு மணிக்கு வந்து மாத்திட்டுப் போயிடுங்க சார். நான் பாக்கல,” என்றார்.

அத்தைக்கு இதுதான் தாங்கவில்லை. பையைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அதைத் தன் மகன் தொடுவதைப் பொறுக்க முடியவில்லை. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், “குடல்வால்தான். எடுத்துட்டாங்க,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கழுத்து வரை போர்வையை இழுத்துவிட்டிருந்தார், அந்தப் புழுக்கத்தில். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வராமல் இருப்பது பெரிய குற்றம். வராதவர்களை மறக்க மாட்டார்கள். அதனால் கல்யாணத்துக்கு வந்திருந்த சனம் முழுக்க ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுமாக வந்தது. எனக்கோ கஞ்சித் தண்ணீர்தான். நான் ஒவ்வொருவருக்கும் குடல்வால் நோயாளியாகப் படுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பை ஒருமுறை மெல்லச் சத்தம் போட்டபோது அத்தை பலமாக இருமினார்.

ஆறாம் நாள் அத்தையின் தங்கை வந்தார். உட்கார்ந்ததும், “குடல்வாலுக்கா இத்தனை நாளு? எங்க தெருவுல ஒருத்தி நாலாம் நாளே நடவுக்குப் போயிட்டா,” என்றார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததென்று தெரியவில்லை. போர்வையை இடுப்பு வரை விலக்கினேன்.

“குடல்வால் இல்ல சின்னத்தை. இந்தாங்க, நல்லாப் பாருங்க. குடலை வெளில வச்சிருக்காங்க. இதுலதான் எனக்கு மலம் வரும். உங்க அக்கா மகன்தான் தினமும் அலசி மாத்திவிடுறாரு.”

அந்த அம்மாள் ஹார்லிக்ஸை மடியில் வைத்தபடி வாயைத் திறந்தவர் மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அத்தை அவரை வாசல் வரை விட்டுவிட்டு வந்து என் கட்டில் ஓரத்தில் நின்றார்.

“உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி ஸ்டெல்லா. பொண்டாட்டி பீய அள்ளுறவன்னு எம் மவனை ஊரு சிரிக்கணுமா?”

“மாமா ரெண்டு வருஷம் படுத்துக் கெடந்தப்ப நீங்க அள்ளுனீங்களே அத்தை. அப்ப யாரு சிரிச்சா?”

“நான் பொம்பளை,” என்றார்.

அதற்குமேல் இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை. கஞ்சியை ஆற்றி வைப்பார், நான் குடிப்பேன், தம்ளரை வாங்கிக்கொள்வார். அந்த இரண்டு நாளில் நான் லூர்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டைச் சுற்றி நடந்தேன், போர்வை இல்லாமல், பை வெளியே தெரிய. பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று இருந்தது. செத்துப் பிழைத்தவளுக்கு இனி என்ன கூச்சம்? வெட்கப்பட வேண்டியது வலியை மறைத்துக்கொண்டு பந்தி பரிமாறினேனே, அதற்குத்தான்.

விமானம் ஏறலாம் என்று டாக்டர் சொன்ன வாரத்தில், பொருத்தனையை முடித்துவிட வேண்டும் என்று அத்தை வேளாங்கண்ணிக்கு எங்களை அழைத்துப் போனார். அந்தக் கடைத்தெருவில் வெள்ளித் தகட்டில் செய்த கை, கால், கண், இதயம், தொட்டில், வீடு எல்லாம் விற்பார்கள். எது குணமானதோ அதை வாங்கி மாதாவுக்கு வைப்பது வழக்கம். குடல்வாலுக்கென்று தனியாகத் தகடு கிடையாது. அத்தை ஒரு வயிற்றுத் தகடு வாங்கினார். நடுவில் தொப்புள் வைத்து, வழவழவென்று, என் வயிற்றுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத அழகான வயிறு. அவர் பொருத்தனை, அவர் மாதா என்று விட்டுவிட்டேன். கோயில் வாசலை நெருங்கியதும் அத்தை நின்றார். வெயிலில் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார்.

“எந்தப் பக்கம் ஸ்டெல்லா?”

எனக்கு முதலில் புரியவில்லை. “எது அத்தை?”

“அதான், பை. நான்தான் பாக்கவே இல்லையே.”

இடப்பக்கம், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே என்றேன். அத்தை ஊக்கின் முனையை அங்கே வைத்துக் குத்தித் திருகினார். தகடு மெல்லியதுதான், ஆனாலும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். துளை விழுந்ததும் தூக்கிப் பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டார். “ஊருக்குக் குடல்வால்னு சொல்லலாம். மாதாகிட்டயும் போயி குடல்வால்னா சொல்ல முடியும்?” என்றார். லூர்து அந்தப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். அதைச் சொல்வதிலும் எனக்கு வெட்கமில்லை.

இங்கே வந்த பிறகு இன்னொரு வழக்கு தொடங்கியது. ஆஸ்பத்திரியில் ஸ்டோமாவுக்கென்றே இருக்கும் நர்ஸ், “ஸெல்ஃப் தூன்” என்றாள். நீயே செய்துகொள் என்று பொருள். நடைபழகும் குழந்தையிலிருந்து சாகக் கிடக்கும் கிழவர் வரை எல்லாருக்கும் இந்த நாட்டில் சொல்லப்படும் உபதேசம் இது. நானேதான் மாற்றுகிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் கணவர் மாற்றுவார் என்றேன். அவள் லூர்துவை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “உங்களைச் செய்ய விடமாட்டேன் என்கிறாரா? எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லலாம்,” என்றாள். அங்கே ஆண் தொடக்கூடாது என்றார்கள், இங்கே ஏன் தொடுகிறான் என்கிறார்கள். அந்த எட்டு நிமிடத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் டச்சு போதவில்லை. “எனக்குப் பிடித்திருக்கிறது,” என்று மட்டும் சொன்னேன். அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும் லூர்து, “என்னவாம்?” என்றார். “நீங்க எனக்குத் தொந்தரவு குடுக்குறீங்களான்னு கேட்டா.” “ஆமான்னு சொல்ல வேண்டியதுதானே,” என்றார். இரண்டு நாட்டுக்காரர்களும் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமைதான்.

அடுத்த மாதம் இங்கே குடலைத் திரும்பச் சேர்த்து, இந்தத் துளையை மூடப்போகிறார்கள். தேதி வந்ததும் அத்தைக்குப் போன் செய்தேன். மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார். “மூடுனதும் சொல்லு. நான் வேளாங்கண்ணிக்குப் போயி ஓட்டையில்லாத வயிறா ஒண்ணு வாங்கி வச்சுட்டு வரேன்.”

“வேணாம் அத்தை,” என்றேன். “உங்க கையால குத்துனது. அது அப்படியே இருக்கட்டும்.”

இங்கே தைத்து மூடிவிடுவார்கள். அடுத்த வருடம் நான் குனிந்து குடைமிளகாய் பொறுக்கும்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. வேளாங்கண்ணியில், ஆயிரம் கைகளுக்கும் கால்களுக்கும் நடுவில் எங்கோ, என்னுடைய இன்னொரு வயிறு திறந்தே கிடக்கும்.