சிவப்பும் பச்சையும் கலந்த குடம்

மெஷினில் சிவப்பு பிளாஸ்டிக் முடிந்து பச்சை ஏற்றினால், முதலில் வரும் சில குடங்களில் இரண்டும் கலந்துதான் இருக்கும். உருகிய பிளாஸ்டிக் குழாய்போலத் தொங்கும். அச்சு மூடிக் காற்றை ஊதினால் குடமாக உப்பிவிடும். இன்று அந்தச் சூட்டு வாடை மூக்கில் ஏறியதும் அப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

அவருக்கும் திண்டுக்கல்லில் இதே வேலைதான். கலப்புக் குடங்களை மறுபடி உருக்க அரைக்கப் போடாமல் முதலாளியிடம் கேட்டு வாங்கி வருவார். தெருக்குழாய் வரிசையில் எங்கள் குடம் தூரத்திலேயே தெரியும்.

"என்னக்கா, குடத்துக்கு அம்மை போட்டிருக்கா?" என்பாள் பக்கத்து வீட்டுச் செல்வி.

"போடி, ஒன் குடம் காணாமப்போனா ஊரெல்லாம் தேடணும். எங்க வீட்டுக்காரர் குடத்த எவளும் தூக்க முடியாது" என்பாள் அம்மா.

அப்பா இறந்த பிறகு கடைசிக் குடமும் விரிசல் விட்டுவிட்டது. அப்படி ஒன்று கொண்டுவரச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"மெஷினு மாறிருச்சும்மா, இப்பல்லாம் கலப்பே வாரதில்ல" என்பேன். முதலாளியிடம் கேட்டால், உடன் வேலை பார்க்கும் பயல்கள் ஓசிக்குடம் என்று ஓட்டுவார்கள். எல்லாரையும் ஓட்டுகிற எனக்கு அது தாங்காது.

இன்றும் கலப்புக் குடத்தை அரைக்கப் போட்டுவிட்டுத் திரும்பினேன். போனில் அம்மா.

"அப்பு, கலப்பு வாராட்டி வெறும் பச்சையாச்சும் கொண்டாடா. நீ செஞ்சதா இருந்தாப் போதும்."