தேக்காவில் அயர்லாந்துப் பீங்கான் விற்கிறேன்

உடையும் பொருளை விற்பவர்களுக்கு இரண்டு பயம் உண்டு. வாடிக்கையாளர் தொடாமலே போய்விடுவாரோ என்பது ஒன்று, தொட்டுவிடுவாரோ என்பது இன்னொன்று. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிய சகோதர சகோதரிகளே, நீங்கள் சேலை விற்றிருந்தாலும் செருப்பு விற்றிருந்தாலும் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

எங்கள் கடை சிங்கப்பூரில், தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. குத்துவிளக்கு, எவர்சில்வர் அடுக்கு, சந்தனக் கிண்ணம் எல்லாம் கிடைக்கும். முதலாளி ரஹீம் பாயின் மகள் அயர்லாந்தில் டாக்டருக்குப் படித்தாள். பட்டமளிப்பு விழாவுக்குப் போன முதலாளி அங்கே ஒரு பீங்கான் பட்டறையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். ஒரு பெண்மணி களிமண்ணை நூல் நூலாக இழுத்துக் கூடை பின்னுவதைப் பார்த்து நின்றவர், கூட வந்தவர்கள் பஸ்ஸில் ஏறிய பிறகும் நகரவில்லையாம். ஊர் திரும்பியதும் குத்துவிளக்குகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி அலமாரி முளைத்தது. அதில் அயர்லாந்துச் சாமான்.

அதை விற்க என்னைப் போட்டார். அதுவரை நான் துவாஸில் இருக்கும் எங்கள் குடோனில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வீடு செம்பவாங்கில். போக வர நாளில் பாதி பஸ்ஸிலேயே கழியும். "மல்லிகா, இங்க பாரு. அந்தப் பெரிய தட்டு நானே மடியில வச்சுக் கொண்டாந்தது. தீபாவளிக்குள்ள அது வித்துப் போச்சுன்னா அலமாரி இருக்கும், நீயும் இருப்ப. போகலேன்னா அந்த இடத்துல சீரியல் லைட்டு, நீ மறுபடி துவாஸ்லா" என்றார். ஆக, நான் பீங்கான் விற்கவில்லை. என் பஸ் பயணத்தைத்தான் விற்றுத் தொலைக்கப் பார்த்தேன்.

விரல் தெரியுதா?

இந்தப் பீங்கானின் பெருமையே அதன் மெல்லிசுதான். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்து விளக்குக்கு நேரே பிடித்தால் விரலின் நிழல் இந்தப் பக்கம் தெரியும். நான் இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது செய்து காட்டுவேன். பார்த்தவர்கள் எல்லாரும் "ஆ" என்பார்கள். பிறகு எவர்சில்வர் டம்ளர் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்தம்மா குத்துவிளக்குப் பக்கம் போனதும் இவர் என்னிடம் வந்தார். விரலைக் காட்டினேன். அவரும் தன் விரலை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சரி, விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்து, மனைவி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எவ்வளவு ஊத்தியிருக்குன்னு வெளியிலேருந்தே தெரியுற கப்ப வச்சுக்கிட்டு வீட்டுல நான் எப்படிம்மா குடிக்கிறது?"

மூன்று இலை

அயர்லாந்துக்காரர்கள் பாதிச் சாமானில் மூன்று இலை கொண்ட ஒரு சின்னச் செடியை வரைந்திருப்பார்கள். அது அவர்களுடைய நாட்டுச் சின்னம், அதிர்ஷ்டமும் கூட. பச்சை இலையை ஒவ்வொன்றாகத் தூரிகையால் கையில் வரைகிறார்கள் என்று முதலாளி எனக்குப் பாடம் எடுத்திருந்தார்.

மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் சரசு அக்கா சில்லறை மாற்ற வந்தவர், அலமாரி முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். "ஏ மல்லிகா, இது புளியாரைதானே?" என்றார். இல்லைக்கா, இது அயர்லாந்து இலை, வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம் என்றேன். மறுநாள் காலையில் காய் வாங்கப் போனால், தன் வீட்டுத் தாழ்வாரப் பூந்தொட்டியிலிருந்து பிடுங்கிய ஒரு கொத்தை எடுத்து என் முன்னால் போட்டார். அச்சு அசலாக அதே மூன்று இலை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சரசு அக்காவின் கவலை வேறு: "வாராவாரம் இதைக் களைன்னு பிடுங்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன். அப்ப நான் பிடுங்கினது எல்லாம் என் அதிர்ஷ்டமா?"

கை இரண்டு, இதயம் ஒன்று

இரண்டு கைகள் ஒரு இதயத்தைத் தாங்கியிருக்கும். இதயத்தின் தலையில் ஒரு கிரீடம். கை என்றால் நட்பு, இதயம் என்றால் அன்பு, கிரீடம் என்றால் விசுவாசம். அந்த ஊரில் மோதிரத்தில் எல்லாம் போட்டுக்கொள்வார்களாம். எங்கள் ஊரில் வந்தவர்கள், "என்னது இது, கையை மட்டும் தனியா வெட்டி வச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு விலகிப் போவார்கள்.

ஒரே ஒரு அம்மா மட்டும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் அப்படியே பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே "கட்டிக் குடுங்க" என்றார். காதலர்களுக்கு உரிய பொருளாயிற்றே, யாருக்கு என்று ஆசையாகக் கேட்டேன். அவருடைய கணவருக்கு நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் நடந்து, பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாராம். கிண்ணம் ஆப்பரேஷன் செய்த டாக்டருக்கு. எனக்குக் கண் கலங்கியது. கையும் இதயமும் பொருத்தம்தான், கிரீடத்துக்கு என்னம்மா சொல்வீர்கள் என்றேன். அவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை: "அதுதாம்மா ரொம்பப் பொருத்தம். அந்த டாக்டரு வார்டுக்குள்ள நடந்து வர்றதை நீங்க பார்த்ததில்ல."

கையால் செய்தது

பூ வைத்த ஜாடி இரண்டு. ஒவ்வொரு இதழையும் உள்ளங்கையில் வைத்து விரலால் அழுத்திச் செய்து ஒட்டியிருப்பார்கள். கல்யாணத்துக்குப் பரிசு தேடி வந்த இளம் ஜோடி, இரண்டையும் பக்கத்தில் வைத்து இதழ் இதழாக ஒப்பிட்டுப் பார்த்தது. நான் இயந்திரமே தொடாத வேலை என்று அளந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் குறுக்கே புகுந்தாள்: "ஹேண்ட்மேட்னு நீங்களே சொல்றீங்க, அவ்வளவு கேர்ஃபுல்லா செஞ்சா ரெண்டும் சேமா இருக்கணும்லா?"

கூடை

முதலாளியை மயக்கிய அந்தப் பின்னல் கூடை ஒன்றே ஒன்று எங்களிடம் வந்தது. நூல் போன்ற களிமண் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஓரத்தில் ரோஜா வைத்து, சுட்டு, முத்துப் போல மினுமினுக்கும் பூச்சுப் பூசியது. அதை ஒரு வங்கி அதிகாரியின் மனைவி வாங்கியபோது, பெண்ணைக் கட்டிக் கொடுப்பது போல ஆயிரம் புத்திமதி சொல்லி அனுப்பினேன். துடைக்காதீர்கள், ஊதுங்கள். வெயில் வேண்டாம். பூனை வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து அதே அம்மா சிரித்த முகத்தோடு வந்தார். உடைத்துவிட்டார் என்றே நினைத்தேன். இல்லையாம், கூடை நன்றாக இருக்கிறதாம், வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். முதலாளி பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றார். அப்போதுதான் அந்த அம்மா கேட்டார்: "அப்பளம் பொரிச்சு அதுல போட்டா எண்ணெய் என்னமா வடியுது தெரியுமா! வடைக்குக் கொஞ்சம் பெரிய சைஸ் இருக்கா?"

முதலாளி அன்று பகல் சாப்பிடவில்லை.

ஒரே இழை

தீபாவளிக்கு ஒரு வாரம். சிராங்கூன் சாலை முழுக்க அலங்கார விளக்கு. மடியில் வைத்துக் கொண்டுவந்த அந்தப் பெரிய தட்டு மட்டும் அலமாரியில் அப்படியே இருந்தது. முதலாளி டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அலமாரியின் அகலத்தை அளந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணமாம். புது ஜோடிக்கு அர்த்தமுள்ள பொருளாக ஏதாவது வேண்டும் என்றார். அர்த்தமா? அலமாரி முழுக்க அதுதானே அம்மா இருக்கிறது! தட்டை எடுத்துத் துணி விரித்து வைத்தேன். அதன் விளிம்பு முழுக்க மேடிட்ட ஒரு பின்னல் முடிச்சு சுற்றி வரும். முதலாளி சொல்லிக் கொடுத்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "இதுக்கு ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்லம்மா. ஒரே இழை. புருஷன் பொண்டாட்டி பந்தம் மாதிரி, சுத்திச் சுத்தி வந்து சேர்ந்திடும்."

அவர் கண்ணாடியை மாட்டினார். ஒரு விரலை முடிச்சின் மேல் வைத்தார். மெதுவாக நகர்த்தினார், மேலே போனார், கீழே போனார், வளைந்தார், புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார். விரல் படாத கோடு இன்னும் எவ்வளவோ பாக்கி இருந்தது. அதில் ஒரு இடத்தில் வைத்து மறுபடி சுற்றினார். மறுபடி பாக்கி. மூன்றாவது சுற்றில்தான் முடிந்தது. "எங்க புளோக்குல பொங்கலுக்குச் சிக்குக் கோலம் நான்தான் போடுவேன்" என்றார், மன்னிப்புக் கேட்பது போல. "இது ஒரே இழை இல்லம்மா, மூணு இழை. கல்யாணத் தட்டுல மூணாவது ஆளு யாரு?"

முதலாளி வந்து தன் விரலால் சுற்றிப் பார்த்தார். மூன்றேதான். அவருக்கு அந்த ஊரில் யாரோ சொன்னதை எனக்குச் சொல்லியிருந்தார், நான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன், யாருமே விரலை வைத்துப் பார்க்கவில்லை. அந்த அம்மா யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர்கள் திரும்பி வந்ததை நாம் யாராவது பார்த்திருக்கிறோமா? எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பஸ் கார்டில் பணம் இருக்கிறதா என்று கூடப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அதே அம்மா வந்தார். நேராக அலமாரிக்கு வந்து, தட்டு இருக்கிறதா என்று பார்த்து, "இதையே கட்டுங்க" என்றார். முதலாளி தானே பெட்டி தேடி எடுத்து வந்தார். அலமாரி அங்கேயே இருக்கட்டும் என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "மூணு இழைன்னு சொன்னீங்களேம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அது யாருன்னு தெரிஞ்சுபோச்சும்மா. பிள்ளைங்க பதிஞ்சிருக்கிற பிடிஓ வீட்டை அரசாங்கம் கட்டி முடிக்க இன்னும் மூணு வருஷமாகுமாம். அதுவரைக்கும் மாமியார் வீட்டுலதான் ரெண்டும் இருக்கப் போகுதுங்க, சம்பந்தியம்மாவும் அதே வீட்டுலதான்."

அன்றிலிருந்து நான் எந்தப் பொருளுக்கும் அர்த்தம் சொல்வதில்லை, வாங்க வருகிறவர்கள் அதை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுகிறார்கள்.