ஒடெசா கெயின்ஸ் போட்ட மார்க்

ஓடிப்போய்விட்டாள் என்கிறார்கள். அறுபத்து நாலு வயதில், படி ஏறினால் இரண்டு முழங்காலும் முனகுகிற வயதில், ஒடெசா கெயின்ஸ் ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரனோடு அவன் காரிலேயே ஏறி ஓடிப்போய்விட்டாளாம். எதிர் வீட்டு எர்லீன் தன் கண்ணால் பார்த்தாளாம். பார்த்தாள்தான், யார் இல்லை என்றது? காரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், ஒடெசாவின் தலையில் சர்ச்சுக்குப் போடுகிற தொப்பியையும் பார்த்தாள். காருக்குள் அந்த ஆட்டக்காரன் இல்லை என்பதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டாள். ஆளே இல்லாத காரில் யாரோடு ஓடுவது?

இன்னொரு கூட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது. மாடியில் குடியிருந்தவனை ரேடியோவில் காட்டிக்கொடுத்துவிட்டு, வெட்கம் தாங்காமல் ஊரைவிட்டே போனாள் என்று. அதுவும் பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்குள் நெல் அளவுக்கு ஓர் உண்மை கிடக்கிறது. அதை எடுத்து வெளியே வைத்துவிட்டால் மிச்சத்தை அவர்களே தூற்றிக்கொள்ளலாம்.

ஒடெசா இந்த பஃபலோ நகரத்தில் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். ஏரிப் பக்கமிருந்து பனி வந்து இடுப்பளவு கொட்டிய நாளிலும் ஒரு பிள்ளையைத் தெருவில் நிற்க விட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஊரறிந்த வேலை அவளுக்கு ஒன்றுதான். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்று மணியோடு கூடைப்பந்து அணிகள் ஆள் மாற்றிக்கொள்ளும் கெடு முடியும். நீ இவனைக் கொடு, நான் அவனைத் தருகிறேன் என்கிற பேரமெல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். மூன்று அடித்ததும் ரேடியோவில் விளையாட்டு நிகழ்ச்சி நடத்துகிற லாயிட் பேச ஆரம்பிப்பான். முதல் போன் ஒடெசாவுடையது. நம் ஊர் அணி செய்த மாற்றத்துக்குப் பள்ளிக்கூடத்தில் போடுவது போல மார்க் போடுவாள். பிரமாதம் என்றால் ஏ, படுதோல்வி என்றால் எஃப். பக்கத்தில் பிளஸ், மைனஸ் குறியெல்லாம் கிடையாது. மனசு ஒரு பக்கம் நிற்காதவர்கள் போடுவது அது என்பாள். பதினொரு வருஷமாக அவள் மார்க் சொல்லும் நேரம் முடிதிருத்தும் கடையில் கத்தரிச் சத்தம் நின்றுபோகும்.

அவள் வீட்டு மாடியில் குடியிருந்தவன் டோரியன் மேப்ரி, நம் ஊர் அணியின் ஆட்டக்காரன். வயது முப்பத்து மூன்று. எட்டு ஊர் அணிகளைப் பார்த்தாகிவிட்டது. ஆடியதைவிட ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். "வீடு வாங்கிச் சுவருக்குப் பெயின்ட் அடிச்ச அன்னைக்கே மாத்திடுறாங்க, மிஸ் ஓ. அதனால வாங்குறதையே விட்டுட்டேன்" என்று ஒடெசாவிடம் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை அவள் மேசையில்தான் சாப்பாடு. வான்கோழிக் கழுத்து போட்டு வேகவைத்த கீரை, சோளரொட்டி. ரொட்டியில் மொறுமொறுவென்று இருக்கும் ஓரத் துண்டு அவனுக்கு. வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது கார் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவான். எங்கள் தெருவில் வியாழனும் ஞாயிறும் மாலை ஆறு மணிக்குக் காரை எதிர்ப்பக்கம் மாற்றி நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் பனி தள்ளுகிற வண்டி போக வழி இருக்காது. அவனுக்காக அவள் மாற்றி வைப்பாள்.

அந்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஒடெசா அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டுக் கீரை அலசிக்கொண்டிருந்தாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது. லாயிட் பட்டியல் வாசித்தான். சியாட்டிலிலிருந்து ஏழடி உயர ஆள் ஒருவன் வருகிறான். பதிலுக்கு அடுத்த வருஷம் புது ஆள் எடுக்கிற உரிமை ஒன்று போகிறது, கூடவே ஓரத்து நாற்காலி ஆள் ஒருவரும். அந்த ஆளின் பேரையும் சொன்னான். குழாய்ச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை. இதைத்தான் தெரு நம்ப மறுக்கிறது. நம்பாவிட்டால் போகட்டும், கேட்கவில்லை.

"ஏ," என்றாள் ஒடெசா. "ஏழடி ஆள் வந்திருக்கான் லாயிட். கொடுத்தது ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமில்லாததக் கொடுத்து ஏழடிய வாங்கிட்டு வந்திருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

ரேடியோவில் பேசினால் நம் குரல் சில நொடிகள் கழித்துத்தான் வெளியே வரும். போனை வைத்துவிட்டுக் குழாயை மூடியபோது அவள் குரல் மாடியிலிருந்து அவளுக்கே கேட்டது. கொடுத்தது ஒண்ணுமே இல்ல. மாடியில் ரேடியோ அணைந்தது. பிறகு கொஞ்ச நேரம் இழுப்பறைகள் திறந்து மூடுகிற சத்தம்.

அரை மணி கழித்து டோரியன் இரண்டு பைகளோடு இறங்கி வந்தான். கார் சாவியைப் படிக் கைப்பிடிமேல் வைத்தான்.

"நல்ல மார்க், மிஸ் ஓ," என்றான்.

"தேங்க்ஸ் கண்ணு. பாத்துப் போ, வழுக்கும்," என்றாள் அவள். வெளியூர் ஆட்டம் என்று நினைத்தாள்.

எர்லீன் வந்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. "என்னடி ஒடெசா, உன் மாடிக்காரனையே சியாட்டிலுக்கு அனுப்பிட்டியாமே. அதுக்கு ஏ வேறயா?"

ஒடெசா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். தேங்க்ஸ் என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறாள். போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை. அதைவிட மோசம், யோசித்துப் பார்த்தால் மார்க் சரியாகத்தான் இருந்தது. நம் அணியில் உயரம் இல்லை, உயரம் வந்திருக்கிறது. ஆட்டம் தெரிந்த எவரும் ஏ தான் போடுவார்கள். சரியான மார்க் போட்டவள் எதற்கு மறுபடி மறுபடி அவனுக்குப் போன் செய்கிறாள் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை குழப்பம் இரண்டு மடங்கானது. நம் அணி டாக்டர் ஏழடிக்காரனைச் சோதித்தார். முதுகெலும்பில் ஏதோ கோளாறு, வேண்டாம் என்றார். அவ்வளவுதான், மொத்த மாற்றமும் ரத்து. அவனவன் அவனவன் ஊருக்குத் திரும்ப வேண்டும். கொடுத்ததைக் கொடுக்கவே இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் சொன்னதைச் சொல்லவே இல்லை என்று எந்த டாக்டர் ஆக்குவார்?

ஞாயிறு மாலை ஆறு மணி. ஒடெசா டோரியனின் காரை எதிர்ப்பக்கம் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு டாக்சி வந்து நின்றது. அவன்தான் இறங்கினான். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"திரும்பி வந்துட்டியா?"

"திருப்பி அனுப்பிட்டாங்க."

"கீரை இருக்கு."

"பிளேன்லயே சாப்பிட்டேன்," என்று சொல்லிவிட்டு மேலே போனான். பிளேனில் கொடுக்கிற உப்புக் கடலையைத் தின்றுவிட்டு ஒருவன் அந்தக் கீரையை வேண்டாம் என்றால் எவ்வளவு வலித்திருக்க வேண்டும்.

நாலு நாள் அவள் தலைக்கு மேலே அவன் காலடி மட்டும் கேட்டது. படிக்கட்டு வரை வரும், நிற்கும், திரும்பிப் போகும். அவளும் கீழ்ப்படி வரை போவாள், நிற்பாள். என்ன சொல்வது? நீ அதில் இருப்பது தெரியாமல் சொன்னேன் என்றால், தெரிந்திருந்தால் மார்க்கை மாற்றியிருப்பாள் என்று அர்த்தம். அப்படியென்றால் பதினொரு வருஷ மார்க்கும் பொய். தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்றால் அதை ஒரு மனுஷன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? இரண்டில் எது உண்மை என்றும் அவளுக்குத் தெரியவில்லை. மேசையில் எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த நாற்காலிக்கு ஆள்.

அடுத்த வியாழன் அணி டோரியனை ஒரேயடியாக விடுவித்துவிட்டது. லாயிட் நிகழ்ச்சி நடுவிலேயே தானே அவளுக்குப் போன் போட்டான்.

"மிஸ் ஒடெசா, வராமப் போன ஆளுக்கு ஏ போட்டீங்க. இப்ப இருந்தவரையும் விட்டுட்டாங்க. மார்க்க மாத்துறீங்களா?"

"தெரியல, லாயிட்."

"அப்ப எஃபா?"

"எஃப்னு நான் சொன்னேனா? தெரியலன்னு சொன்னேன். உனக்குக் காதுல பனி அடச்சிருக்கா?"

"பதினோரு வருஷத்துல நீங்க தெரியலன்னு சொல்லிக் கேட்டதே இல்லையே."

"இப்பக் கேட்டுக்கோ. கொடுத்தது ஒண்ணுமில்லன்னு சொன்னேன் பாரு, அது தப்பு. அந்த ஒண்ணுமில்லாததுக்கு மேப்ரின்னு பேரு. என் வீட்டு மேசையில சாப்பிடுற ஆளு. அது போனா ஒரு வீட்டுல என்ன குறையும்ங்கிறதுக்கு மார்க் போட எனக்கு எழுத்துக் கிடைக்கல. அவ்வளவுதான், வைக்கிறேன்."

வைத்தாள். சில நொடிகள் கழித்து மாடியில் அவள் குரல் கேட்டது. தெரியல, லாயிட். ரேடியோ அணைந்தது. படிக்கட்டு முனகியது, இந்தத் தடவை கடைசிப் படி வரை.

"ஒண்ணுமில்லாதவன் வந்திருக்கேன்," என்றான் டோரியன். "ஓரத் துண்டு இருக்கா?"

"இருக்கு. கைய கழுவிட்டு உக்காரு."

இரண்டு நாள் கழித்து கன்சாஸ் சிட்டி அணி அவனைக் கூப்பிட்டது. ஞாயிறு விடியும்போதே விமானம் ஏற வேண்டும். காரை என்ன செய்வது என்று தலையைச் சொறிந்தான். போன தடவை லாரியில் ஏற்றி அனுப்பியவர்கள் மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்தார்களாம், அதுவும் ஒரு கண்ணாடி இல்லாமல்.

"நான் ஓட்டிட்டு வர்றேன்," என்றாள் ஒடெசா.

"ஆயிரம் மைல், மிஸ் ஓ."

"அறுபது பிள்ளைங்க பின்னாடி உக்காந்து கத்த இருபத்தேழு வருஷம் ஓட்டியிருக்கேன். இதுல யாரும் கத்தப்போறதில்ல."

டோரியன் கரண்டியை வைத்தான். "சரி, அவங்க என்னை எடுத்ததுக்கு என்ன மார்க் போடுவீங்க? உண்மையச் சொல்லணும்."

அவள் அவன் முழங்காலைப் பார்த்தாள். வயதை நினைத்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"சி," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு தொட்டி வரை போனாள். "பிளஸ்."

ஞாயிறு, சர்ச் முடிந்து வந்தவள் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. ஒரு பெட்டி, துணியில் சுற்றிய சோளரொட்டி, கார் சாவி. கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கும்போது எதிர் வீட்டுத் திரை விலகியது. ஜன்னல் திறந்தது.

"எங்கடி கிளம்பிட்ட?" என்றாள் எர்லீன்.

"கார அந்தப் பக்கம் மாத்தணும்ல."

"ஆறு மணிக்குத்தான மாத்தணும். இப்ப மணி ரெண்டுதான ஆகுது?"

"அந்தப் பக்கம் கொஞ்சம் தூரம்," என்று சொல்லிவிட்டு ஒடெசா காரில் ஏறிக்கொண்டாள்.