கிழக்குச் சுவரில் ஒரு மேடை

எனக்கு முட்டி போனது தண்ணீர்க் குடம் சுமந்து அல்ல, மாவு ஆட்டியும் அல்ல. வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தேன், அவ்வளவுதான். வலது முட்டிக்குள் என்னவோ சறுக்கியது, போட்ட கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்தாறு வயது. உள்ளூர் டாக்டர் இரண்டு ஊசி போட்டுப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் குத்தவைத்து உட்காரக் கூடாது, சம்மணமும் போடக் கூடாது என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவருக்கு என்ன, சொல்லிவிட்டார். எங்கள் அடுக்களையில் எல்லாமே தரையில்தான் இருந்தன. மண் அடுப்பு தரையில், அம்மி தரையில், அரிவாள்மணை தரையில். தரையில் உட்கார முடியாதவளுக்கு அந்த அறையில் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு யோசனை சொல்வதைத் தவிர வேறு வேலை கிடையாது. மூன்று மாதம் அந்த வேலையைத்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்குத் தாலுகா ஆபீசில் உத்தியோகம். ஒரு கோப்பில் ஒரு தாள் மாறாது அவருக்கு. சோறு வடிப்பதில் மட்டும் ஒருநாள் களியாகும், ஒருநாள் அரிசியாகவே இருக்கும். வாய் பொறுக்காமல் நான் ஏதாவது சொல்ல, அவர் கரண்டியை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவார்.

எங்களைப் பட்டினி போடாமல் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக்காரியின் குழம்புதான். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே பொதுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு விசைத்தறி. வியாபாரி பாவு நூலும் ஊடை நூலும் கொடுப்பார், அவள் புருஷன் துண்டு நெய்து கொடுத்துக் கூலி வாங்குவான், இவள் ஊடை நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுவாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். என்னை அக்கா என்பாள். அந்த மூன்று மாதமும் தினம் மத்தியானம் ஒரு தூக்குவாளி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதை அவளிடம் நான் சொன்னதில்லை. என் குணம் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

ஒருநாள் வீட்டுக்காரர் மெதுவாக, பனவடலிசத்திரத்திலிருந்து தன் அக்காவை வரச் சொல்லட்டுமா, நிரந்தரமாகவே இங்கே இருக்கட்டுமே என்றார். மதினி நல்லவள்தான். ஆனால் என் அடுக்களையில் இன்னொருத்தி உப்புப் போடுவதை ஆயுசுக்கும் நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதற்குப் பேசாமல் படுத்தே கிடக்கலாம்.

"நின்னுக்கிட்டு சமைக்க ஒரு மேடை கட்டித் தாங்க. வேற ஒண்ணும் கேக்கல," என்றேன்.

அவர் என் முட்டியைப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. என் பித்தளை அண்டாவைப் பாத்திரக்கடையில் போட்டோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கழித்துப் போட்ட கடப்பாக்கல் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. ஒரு மூலை உடைந்திருந்தது, நடுவில் வருடக்கணக்காகப் பாய்லர் இருந்த வட்டம் பதிந்திருந்தது. எத்தனை தேய்த்தும் அந்த வட்டம் போகவில்லை. செங்கல்லும் பழசு. கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டோம். புதிதாக வாங்கியது அதுவும் சிமெண்டும்தான்.

மேடையை எந்தச் சுவரில் கட்டுவது என்பதில் பேச்சே எழவில்லை. கிழக்கு பார்த்துத்தான் சமைக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் வாக்குவாதம் இல்லாமல் ஒத்துப்போன விஷயங்களில் அது ஒன்று. கொத்தனாரும் அதையே சொன்னார். கிழக்குச் சுவர் என்றால் பொதுச்சுவர்.

அந்தச் சமயத்தில் அந்தப் பக்கம் தறி ஓடவில்லை. நூல் விலை ஏறிவிட்டது என்று வியாபாரி பாவு கொடுப்பதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. தெருவில் பாதித் தறி அப்படித்தான் நின்றது. சத்தம் நின்ற முதல் இரண்டு நாள், ஏதோ ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுவிட்ட மாதிரியே இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. அதற்கு முன்னால் அந்தச் சுவரில் நாங்கள் மாட்டியிருந்த காலண்டர் பகலெல்லாம் தலையாட்டிக்கொண்டிருக்கும். அதைக்கூட நாங்கள் காற்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கொத்தனாரை நான் சும்மா விடவில்லை. இடுப்பளவு உயரம் என்று அவர் பாட்டுக்குத் தன் இடுப்பை வைத்துக் கோடு போடப் போனார். அவர் ஆறடி. நான் ஊன்றுகோலோடு எழுந்து போய்ச் சுவரை ஒட்டி நின்று, கையில் கரண்டியைப் பிடித்து, குழம்பைக் கிண்டுகிற மாதிரி கிண்டிக் காட்டி, என் முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடையில் கரித்துண்டால் கோடு போடச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்தாலும் கோடு போட்டார். கல்லின் பின்பக்கத்துக்குக் கால் கட்டுவதா, சுவரைக் குடைந்து அதில் சொருகிவிடுவதா என்று கேட்டார். கால் கட்டினால் கூடுதலாக நாற்பது செங்கல் ஆகும். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொருகிவிடுங்கள் என்றேன். கொத்தனார் சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மலை மாதிரி நிக்கி. தாராளமாச் சொருகலாம், தங்கச்சி," என்றார்.

சித்தாள் வேலைக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் வந்தாள். அவளாகத்தான் கேட்டாள், கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று மாதம் எனக்குக் குழம்பு ஊற்றியவள் என் வீட்டில் செங்கல் சுமக்கிறாள், நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் கூலியை அவள் கையில் கொடுக்கக் கூசியது எனக்கு. வீட்டுக்காரரைக் கொடுக்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். மத்தியானம் எங்களோடுதான் சாப்பிட வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் வடித்த களிச்சோற்றை அவள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள்.

சுவரைக் குடைந்த அன்று மட்டும் அவள் ஒருமாதிரி இருந்தாள். செங்கல் கூடையை இறக்கி வைத்துவிட்டு, குடைந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். என்னட்டி என்றேன். ஒண்ணுமில்லக்கா என்று அடுத்த கூடைக்குப் போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் மேடை முடிந்தது. நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினோம். கேஸுக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மேடையில் மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ்தான் வைத்தோம். பாய்லர் வட்டத்தின் நடுவில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. பால் பொங்கி வழிந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்கு அப்புறம் என் அடுக்களையில், என் கையில் கரண்டியோடு. அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அடுத்த மூன்று வாரத்தில் நான் சமைக்காத பண்டம் இல்லை. சொதி வைத்தேன், அவியல் வைத்தேன், யாருமே கேட்காத வாழைப்பூ வடைகூடச் சுட்டேன். கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் நேராக மேடைக்கு வரும். அந்த அமைதியில் குழம்பு கொதிக்கிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும். இந்த ஊரில் என்னைப் போலச் சந்தோஷமாக ஒருத்தி இல்லை என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்கு அவ்வப்போது குழம்பு கொடுத்தேன். அவ்வப்போதுதான் கொடுத்தேன். தினம் கொடுக்க வேண்டும் என்று அந்த மூன்று வாரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். சோறு உலையில் கொதித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தடதடவென்று ஆரம்பித்தது. பாவு வந்துவிட்டது, தறி ஓடுகிறது என்று ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நொடி மேடையில் வரிசையாக இருந்த டம்ளர்கள் நடக்க ஆரம்பித்தன. ஒன்று கீழே விழுந்தது. கடுகு டப்பா அஞ்சறைப் பெட்டியோடு போய் முட்டியது. இதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தால், ஸ்டவ்வும் பாய்லர் வட்டத்தைத் தாண்டி விளிம்புப் பக்கம் வந்துகொண்டிருந்தது. மேலே கொதிக்கிற உலை. தாவிப் பிடித்தேன். பானை விழவில்லை. கஞ்சி தளும்பி இடது கையில் கொட்டியது.

சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் என் கையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வருவது அபூர்வம். சமையல் நேரத்தில் தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். நீங்கள் போக வேண்டாம், நானே போகிறேன் என்றேன். இரக்கத்தால் அல்ல. அவரைவிட நான் நன்றாகச் சண்டை போடுவேன், அதனால்தான்.

ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டே போய் அவள் வீட்டு வாசலில் நின்றேன். அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு. தறிச் சத்தத்தில் நான் முதலில் கத்தியது அவள் காதில் விழவில்லை. நிமிர்ந்தவள் என் முகத்தைப் பார்த்தாள், கையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள், எழுந்து போய்த் தறியை நிறுத்தினாள். இன்னொரு தறியில் நின்ற அவள் புருஷனும் அதை நிறுத்தினான். திடீரென்று அப்படி ஓர் அமைதி. மூன்று வாரமாக நான் அனுபவித்த அதே அமைதி.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"எனக்குத் தெரியும்க்கா. சொவரக் கொடையும்போதே தெரியும். தறி ஓடுனா இந்தச் சொவரு நடுங்கும், கல்லு நிக்காதுன்னு."

"பெறவு ஏண்டி சொல்லல?"

அவள் கையிலிருந்த நூலை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"தறி இனி எங்க ஓடப்போவுதுன்னு இருந்துட்டேன். ரெண்டையும் வித்துட்டுப் போயிரலாம்னு இவுக சொல்லிக்கிட்டு இருந்தாவ. ஓடப்போற தறியா இருந்தா சொல்லியிருப்பேன்க்கா."

சுவரில் கையை வைத்துக்கொண்டு அவள் நின்றது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் பார்த்தது என் மேடையை அல்ல, நின்றுபோன தன் தறியை. அவள் வீட்டுத் தறி நின்றதால்தான் என் மேடை நின்றது. மூன்று வாரம் நான் வாழைப்பூ வடை சுட்ட அமைதி, அவள் வீட்டில் அடுப்பு எரியாத அமைதி. அது உறைத்தபோது, சுட்ட கையைவிட அதுதான் எரிந்தது. திட்டத்தான் வந்தேன் என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். தெரியும்க்கா என்றாள்.

கொத்தனார் திரும்ப வந்தார். வரும்போதே தலையில் அடித்துக்கொண்டு வந்தார். நெசவுக்காரத் தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான், எனக்கு எங்கே போச்சு புத்தி என்று கல்லை வெளியே எடுக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். சுவரை விட்டு இரண்டு விரற்கடை தள்ளி, அன்றைக்கு நாங்கள் மிச்சம் பிடித்த அதே நாற்பது செங்கல்லில் பின்பக்கம் கால் கட்டினார். அவர்களுக்குப் பாவு வந்து அன்றோடு இரண்டாவது நாள்தான். வேலை நடந்த அன்று பகல் முழுக்க, நாங்கள் கேட்காமலே, அவர்கள் தறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவளே வந்து செங்கல்லும் சுமந்தாள். கூலியை இந்தத் தடவை நானே நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் தன் வீட்டுக் கழிவு நூலை மூட்டையாகக் கொண்டுவந்து திணித்துவிட்டுப் போனாள்.

மேடை அதற்கப்புறம் ஆடவில்லை. உடைந்த மூலையிலிருந்து கொத்தனார் செதுக்கி எடுத்த ஒரு சின்னத் துண்டுக் கல் மட்டும் பாக்கி இருந்தது. வீணாகப் போக வேண்டாம் என்று அதை மேடைக்கு மேலே அதே சுவரில் சொருகி, உப்பு ஜாடி வைக்க ஒரு தட்டாக்கித் தந்தார். அதுதான் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தறி ஓடினால் ஜாடியின் மூடி கிணுகிணுவென்று சத்தம் போடும். வீட்டுக்காரர், அந்தத் தட்டை எடுத்துவிட்டு அங்கே ஒரு ஆணி அடித்துக்கொள்ளலாமே என்றார். இருக்கட்டும் என்றேன்.

பிறகு கேஸ் வந்தது, முட்டியும் பாதிக்குப் பாதி சரியானது. நாங்கள் அந்த வீட்டில் இருந்த வரைக்கும் மேடையில் கை வைக்கும்போது என் காது முதலில் உப்பு ஜாடிக்குத்தான் போகும். கரண்ட் போனால் மூடி நிற்கும், வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் நின்றால் மட்டும் நான் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. தூக்குவாளியைக் கழுவி வைத்துவிட்டு, உலையில் இரண்டு உழக்கு அரிசி கூடுதலாகப் போடுவேன். குழம்பில் புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைப்பேன்.