ஆர்டிஸ் பென்ஹேல் கதவைத் தட்டிய இலையுதிர்காலம்

1966 செப்டம்பர் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு வாரன் ட்ரெம்பாத்தும் ஆர்டிஸ் பென்ஹேலும் முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்தார்கள். வாரன் தம் வீட்டு வாசலிலிருந்து காரைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தார். குறுக்கே மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஒன்று சிவப்பு விளக்குகளைச் சிமிட்டியபடி நின்றது. வாரன் ஹாரனை அழுத்தினார். பேருந்தின் சன்னல் இறங்கியது. ஓட்டுநர் இருக்கையில் இருபத்தாறு வயதுப் பெண்ணொருத்தி.

"ஹாரன் அடிச்சா பிள்ளைங்க சீக்கிரம் ஏறாதுங்க சார். பயந்துபோய் எறங்கிரும்."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"ஏன் தெரியாம? பதினாலாவது ஸ்டாப்பு."

நார்த் லெட்ஜ் ஊரின் இரும்புச் சுரங்கத்தில் ஆள் எடுப்பதும் அனுப்புவதும் வாரனுடைய அலுவல். அவரிடம் இப்படிப் பேசுகிறவர்கள் அந்நாளில் ஊரில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புனித ஆல்பன் ஆலயத்தின் கடைசிக்கு முந்தைய வரிசையில் அதே பெண் அமர்ந்திருந்ததைக் கண்டபோது அவருக்கு எரிச்சலோடு சிறிது ஆர்வமும் உண்டாயிற்று. விசாரித்தார். உருளைக்கிழங்கு விளைவிக்கும் ஃபின்லாந்துக் குடும்பத்தின் மகள், பிறப்பால் லூத்தரன் என்னும் வேறொரு கிறிஸ்தவப் பிரிவு, சுரங்கத் தொழிலாளி ரே பென்ஹேலை மணந்து எபிஸ்கோப்பல் சபைக்கு வந்தவர். கார்ன்வால் வம்சத்தார் நிறைந்த அந்தச் சபையில் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மடித்துச் சுடும் பாஸ்டியில் ரூட்டபேகா கிழங்கைத்தான் சேர்ப்பார்கள். ஆர்டிஸ் கேரட் சேர்த்தார். சபையார் அவரை மன்னிக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. வாரன் அப்போதும் மன்னிக்கவில்லை.

காலம் உருண்டது. 1984 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. மூன்று ஆண்டுகளில் ஊரின் பாதிக் கடைகள் பலகை அடித்து மூடப்பட்டன. ஆலயத்தில் ஞாயிறுதோறும் முப்பது பேர் தேறினால் அதிகம். அவர்களும் எபிஸ்கோப்பல் வழக்கப்படி பின்வரிசைகளிலேயே ஒட்டிக்கொள்ள, முன்பாதி ஆலயம் காற்றுக்கே விடப்பட்டது. 1987 செப்டம்பரில் சபைகளை மேற்பார்க்கும் திருமண்டலத்திலிருந்து ஒரு முடிவு வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெண்ட் காலத்துக்கு முந்தைய ஞாயிறான நவம்பர் இருபத்திரண்டுக்குள் அறுபது வீடுகளாவது அடுத்த ஆண்டு இவ்வளவு காணிக்கை தருவதாக வாக்களிக்கும் பொருத்தனை அட்டையில் கையெழுத்திட வேண்டும். இல்லையெனில் கதவைப் பூட்டிவிட்டு, நாற்பது மைல் தொலைவிலுள்ள சபையோடு இணைந்துவிட வேண்டும். அப்போது சபை மூப்பராக இருந்தவர் வாரன்தான். முறைப்படி சபையின் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் அவர் கடிதம் எழுதினார். அக்டோபர் முடிவதற்குள் திரும்பி வந்த அட்டைகள் இருபத்தேழு.

சபைக் குழு கூடியது. வாரனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்ததை மறைப்பதற்கில்லை. அரிசோனாவில் வீடு பார்த்து வைத்திருந்தார். பூட்டுவதென்றால் முறையாகப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்படலாம்.

"ஜனங்க பதில் சொல்லிட்டாங்க. இனி நாம கௌரவமா ஒத்துக்கறதுதான் மரியாதை" என்றார்.

குழுவின் கடைசி நாற்காலியில் இருந்த ஆர்டிஸ் கையைத் தூக்கினார். "யாரும் பதில் சொல்லல சார். நாம யாரையும் கேக்கவே இல்லயே."

"கடிதம் போட்டோமே?"

"கடிதம் போட்டோம். கேக்கல. பணத்தப் பத்தி வாயத் தொறந்து கேட்டா நமக்கு நாக்கு வெந்துடும்ல! எனக்கு இந்த ஊர்ல எல்லா வீட்டு வாசலும் அத்துப்படி. நான் போறேன்."

"இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. நடுவுல பதினஞ்சாம் தேதி மான் வேட்டை வேற ஆரம்பிக்குது. ஒரு ஆம்பள வீட்ல இருக்கமாட்டான்."

"அப்ப காட்டுக்குப் போறேன்."

குழுவினர் சிரித்தார்கள். வாரனும் சிரித்துவிட்டு, பேச்சை முடித்துவைக்கும் எண்ணத்தோடு மேசையைத் தட்டினார். "ஆர்டிஸ், அறுபது அட்டை வந்துச்சுன்னா, சபை மொத்தமும் பாக்க நடு ஹால்ல உக்காந்து உன்னோட கேரட் பாஸ்டி ஒண்ண முழுசாத் தின்னு காட்டறேன். ஒரு துண்டு மிச்சம் வைக்கமாட்டேன்."

"ஏழு பேர் சாட்சி" என்றார் ஆர்டிஸ்.

பேருந்துப் பாதை எழுதும் தாளிலேயே அவர் வீடுகளை வரிசைப்படுத்தினார். எந்தத் தெருவில் தொடங்கி எங்கே திரும்புவது என்பதெல்லாம் அதில் இருந்தது. மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பேருந்தைக் கொட்டகையில் சேர்த்துவிட்டு, தம் பழைய வண்டியில் கிளம்பினார். நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு வாரன் வீட்டுக் கதவைத் தட்டினார். அறுபதை எட்ட முடியாதென்று ஒப்புக்கொள்ள வந்திருக்கிறார் என்று வாரன் எண்ணினார். ஆர்டிஸோ சாப்பாட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தார். பத்தொன்பது உறைகள் விழுந்தன.

"என்ன இது?"

"நீங்க போட்ட கடிதம். கடியாரத்துக்குப் பின்னாடி, ஃபிரிட்ஜுக்கு மேல, பைபிளுக்குள்ள... இப்படித்தான் கெடச்சுது. ஒண்ணையும் யாரும் பிரிக்கல."

"ஏன் பிரிக்கல?"

"மூலையப் பாருங்க சார். யார் பேரு இருக்கு?"

"என் பேரு. நான்தானே மூப்பர்?"

"நாலு வருஷத்துக்கு முன்னால இதே மாதிரி நீள உறைல, இதே மூலைல, இதே கையெழுத்தோட ஒரு கடிதம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதப் பிரிச்சுப் பாத்த கைங்க இதப் பிரிக்குமா?"

வாரன் ஓர் உறையை எடுத்துப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வேலை போனதை அறிவிக்கும் கடிதங்களில் அவர் ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே கையெழுத்திட்டிருந்தார். அச்சடித்த கையெழுத்து அந்த மனிதர்களுக்கு அவமரியாதை என்று நினைத்ததனால் மணிக்கட்டு வீங்க வீங்க எழுதியவர். அந்த மரியாதையே ஊர்முழுக்கத் தம் பெயரை ஒரு துர்ச்செய்தியாக்கிவிட்டது என்பது அன்று மாலைதான் அவருக்கு விளங்கிற்று.

"உங்க வீட்டுக்கும் வந்துச்சுல்ல" என்றார், தாழ்ந்த குரலில்.

"வந்துச்சு. ரேக்குத் தைரியம் வரல. நான்தான் பிரிச்சேன்." ஆர்டிஸ் பெட்டியை மூடினார். "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சேகாலுக்கு ஹாரன் அடிப்பேன். பூட்ஸ் போட்டுட்டு வாங்க."

"நான் வந்தா இருக்கற அட்டையும் போயிடும்."

"வராமத்தான் இப்பப் போயிருக்கு."

மறுநாள் மாலை வாரன் அவரோடு போனார். முதல் இரண்டு மாலைகள் எப்படிக் கழிந்தன என்பதை வாரன் பிற்காலத்தில் யாரிடமும் விரித்துரைத்ததில்லை. சில கதவுகள் அவர் முகத்தைக் கண்டதும் பாதியில் நின்றன. ஆர்டிஸ் கற்றுத்தந்த விதி எளியது: தொப்பியைக் கழற்ற வேண்டும், கொடுத்ததைச் சாப்பிட வேண்டும், அவர்கள் பேசி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. அந்த இரண்டு வாரங்களில் வாரன் நான்கு பவுண்டு எடை கூடினார்.

பதினேழாம் தேதி, பனி முழங்கால் அளவு கிடந்த காட்டுக்குள் கிளாரன்ஸ் ரோவின் வேட்டைக் குடிசையை அடைந்தார்கள். கிளாரன்ஸ் இருபத்திரண்டு ஆண்டுகள் நிலத்தடியில் உழைத்தவர். அவர் சொல்லுக்குத்தான் மற்ற சுரங்கத்தார் காது கொடுப்பார்கள். அடுப்பைச் சுற்றி ஆறு பேர், ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டுகளில், சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"அடேய், மான் வரும்னு பாத்தா ட்ரெம்பாத் சார் வந்து நிக்கறாரு. சுட்டுரலாமா?" என்றான் ஒருவன்.

"லைசென்சு மானுக்கு மட்டுந்தான்டா" என்றான் இன்னொருவன்.

"சுடறதுன்னா கார்டுல கையெழுத்துப் போட்டுட்டு அப்புறமாச் சுடுங்க" என்றபடி ஆர்டிஸ் பனியை உதறினார். "நானும் அவரும் ஒன்றரை மைல் நடந்து வந்திருக்கோம். காப்பி இருக்கா, இல்ல அதையும் மானுக்கு வச்சுட்டீங்களா?"

கிளாரன்ஸ் சிரிக்கவில்லை. அட்டையை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். "ஏம்மா ஆர்டிஸ், இதுல வாரத்துக்கு அஞ்சு டாலர்ல ஆரம்பிக்குது. அதுக்குக் கீழ இருக்கறவன் என்ன பண்ணணும்? அத எழுதி, அந்த மனுஷன் கையிலயே குடுத்து, பாரு சார் நான் எவ்வளவு எறங்கிட்டேன்னு காட்டணுமா?"

வாரன் விதியை மீறினார். ஆனால் அவருக்குப் பழகிய அலுவலக மொழியில் பேசவில்லை.

"கிளாரன்ஸ், அந்தக் கடிதத்த நான் தபால்ல போட்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சொல்லியிருக்கணும். எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் வரல."

சீட்டுகள் மேசையில் படுத்தன. வாரன் பேனாவை எடுத்து, அட்டையில் அச்சிட்டிருந்த தொகைக் கட்டங்கள் அத்தனையையும் குறுக்கே அடித்தார். "மனசுல பட்டத எழுது. நாலா மடிச்சுக் கோந்து வச்சு ஒட்டிரு. பொருளாளர் பாப்பாரு, அவரோட போச்சு. நான் பாக்கமாட்டேன்."

கிளாரன்ஸ் அடுப்பின் மேலிருந்த வாணலியை இறக்கினார். பிறகு ஒரு தட்டில் வறுத்த மான் ஈரலை வைத்து வாரன் பக்கம் தள்ளினார். "இதையாவது நேர்ல வந்து கேக்கறீங்க. தின்னுங்க, ஆறிப்போயிடும்." பேனாவுக்குக் கையை நீட்டினார். "மத்த குடிசைக்கெல்லாம் வழி தெரியுமா உங்களுக்கு? தெரியாது. இருங்க, நானும் வரேன்."

நவம்பர் இருபத்திரண்டு. பத்து மணி ஆராதனைக்கு ஒன்பதே முக்காலுக்கெல்லாம் பின்வரிசைகள் நிறைந்துவிட்டன. பிறகு நடுவரிசைகள். கடைசியாகக் காட்டிலிருந்து நேரே வண்டிகளில் வந்திறங்கிய வேட்டைக்காரர்களுக்கு உட்கார வேறு இடமில்லை. இருபத்துமூன்று ஆரஞ்சுக் கோட்டுகள், பூட்ஸ் தடதடக்க, பல ஆண்டுகளாக எவரும் அமராத முன்வரிசைகளை நோக்கி நடந்தன. பீடத்தருகே நின்ற குருவானவர் ஆசீர்வாதத்துக்கு உரிய இடம் வரும் முன்பே கையை உயர்த்திவிட்டுப் பின் இறக்கிக்கொண்டார். காணிக்கைத் தட்டுகளில் அட்டைகள் நிறைந்து வழிய, வாரன் தம் தொப்பியைத் தலைகீழாகப் பிடித்து மிச்சத்தை வாங்கினார். எண்பத்துநான்கு வீடுகள்! எண்ணிக்கை வாசிக்கப்பட்டதும், எபிஸ்கோப்பல் ஆராதனையில் கைதட்டும் வழக்கமில்லை என்பதைச் சபையார் அனைவரும் ஒரே நேரத்தில் மறந்தார்கள். பின்னர் பாடிய பாட்டுக்குச் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்ததாகக் கிளாரன்ஸ் சாகும்வரை சாதித்தார்.

ஆராதனைக்குப்பின் கீழ்த்தள ஹாலில் விருந்து. பந்தயச் செய்தி பரவியிருந்தமையால் எல்லாரும் நடு மேசையைச் சூழ்ந்தார்கள். வாரன் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, தூக்குமேடை ஏறியவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆர்டிஸ் ஒரு பாஸ்டியைக் கொண்டுவந்து வைத்தார். வாரன் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். ரூட்டபேகா.

"கேரட் எங்க?"

"அட, வாங்க மறந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் காப்பி ஊற்றப் போய்விட்டார்.

அரிசோனா வீட்டை வாரன் வாங்கவில்லை. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அஞ்சேகாலுக்கு ஹாரன் ஒலிக்கும். அவர் பூட்ஸோடு வாசலில் நிற்பார். ஆலயக் கதவு பூட்டப்படவில்லை. தொண்ணூற்று மூன்றில் கூரையும் புதிதாயிற்று. ஆர்டிஸ் சபை மூப்பரானார். லூத்தரன் வீட்டுப் பெண் மூப்பராவதைக் குறித்து முணுமுணுத்த ஒரே குரல் அவருடைய சொந்த அம்மாவுடையது. ஒவ்வொரு விருந்திலும் வாரன் பாஸ்டியை முதலில் நடுவே பிளந்து, உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே வாயில் வைப்பார். ஒருபோதும் தெரிந்ததில்லை.

2001-இல், எழுபத்துமூன்று வயதில், அவரால் பொறுக்க முடியவில்லை. தாமே மாவு பிசைந்து, கேரட் நறுக்கி, ஓரங்களில் கருகிய ஒரு பாஸ்டியைச் சுட்டு எடுத்துக்கொண்டு விருந்துக்கு வந்தார். நடு மேசையில் அமர்ந்தார்.

"ஆர்டிஸ், இன்னைக்குத் தீத்துடறேன். எல்லாரும் பாருங்க!"

ஆர்டிஸ் நிதானமாக வந்து தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்தார். நின்றபடியே அந்தப் பாஸ்டியைக் கடைசித் துணுக்கு வரை தின்றார்.

"உப்புப் பத்தல" என்றார். "பந்தயம் என்னோடது சார். எப்பக் கேக்கணும்னு எனக்குத் தெரியும்."

அதன்பின் எட்டு ஆண்டுகள் வாரன் உயிரோடிருந்தார். ஆர்டிஸ் கேட்கவேயில்லை.