கூரைக்குப் போட்ட புகை

போகியன்று நானும் அம்மாவும் புகைப்போக்கியைச் சுத்தம் செய்தோம். 1987. நான் ஏணியில் நின்று, துணி சுற்றிய மூங்கிலைக் குழாய்க்குள் விட்டு இழுத்தேன். அம்மா கீழே சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடம் எரிந்த அடுப்புக்கு ஒரு கைப்பிடிக் கரிகூட இல்லை.

"என்னம்மா, கரியே இல்ல?"

"நல்ல அடுப்புடி. கரி இல்லேன்னாலும் ஏசுவியா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அம்மா பெயர் அல்லி. காரைக்கால் பக்கம் போலகத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். என்னைப் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்க வைத்தாள். புதுச்சேரியில் எனக்கு வரைபடம் போடும் வேலை கிடைத்ததும், "ஊரு வீட்டுக்கெல்லாம் படம் போடுறா, எங்க வீட்டுல ஒரு ஜன்னல் வைக்க ஆளக் காணும்" என்று தெருவெல்லாம் சொன்னாள்.

அவளுக்கு நெஞ்சு கெட்டிருந்தது. புகையில் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் புகையில்லா அடுப்புக்கு அரசாங்கம் உதவி கொடுக்க ஆரம்பித்தது. கிராம சேவிகா கமர் நிஷா அக்கா கொத்தனாரைக் கூட்டிவந்து போட்டுக்கொடுத்தார். கூரையில் குழாய் போகும் இடத்துக்குத் தகரம் அடித்தது நான். ஒரே நிபந்தனை: பழைய அடுப்பை இடித்துவிட வேண்டும்.

அம்மா இடிக்கவில்லை. புகை நின்ற முதல் மழைக்காலத்திலேயே கூரைக் கீற்றைச் செல் அரித்தது. உலையில் தூள் கொட்டியது. பக்கத்து வீட்டு ராசாத்தி, "உப்புப் போடாத மீனும் புகை படாத கீத்தும் ஒண்ணுதான் அல்லிக்கா" என்றாளாம். அன்று முதல் அம்மா தினமும் பழைய அடுப்பில் ஈர மட்டையைப் போட்டு மூட்டம் போட்டாள். பொறி பறக்காமல் பார்க்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மூட்டிய நெருப்பு வீணாவானேன் என்று சோற்றையும் அதிலேயே வடித்தாள். கமர் நிஷா அக்கா பார்க்க வரும்போதெல்லாம் அடுப்பின் மேல் கூடை கவிழ்ந்திருக்கும்.

"கோழி அடை கெடக்கு. தொட்டா கொத்திப்புடும்."

"வருஷம் பூரா அடையா? உங்க கோழிக்கு வேற வேலையே இல்லியாக்கா?"

போகி மாலை நான் அந்தக் கூடையைத் தூக்கினேன். கோழி இல்லை. சாம்பல் சூடாக இருந்தது. நான் கத்தினேன். அம்மா கூடையை வாங்கி மறுபடி கவிழ்த்தாள்.

"மூச்சு எனக்குத்தானே முட்டுது. கூரை விழுந்தா லீவுல வந்து எங்கடி படுப்ப?"

கூரை ஓடாக இருந்தால் அதற்குப் புகை வேண்டாம். அவ்வளவுதான் கணக்கு. அடுப்புக்கு உதவி கொடுத்தவர்கள் அதன் மேலிருந்த கீற்றைப் பார்க்கவில்லை. மறுவாரம் நான் கமர் நிஷா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் விதவைகளுக்கு ஓடு போட உதவி உண்டு, அம்மா நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்.

அம்மா பயந்தாள். "அடுப்ப இடிச்சியான்னு கேப்பாங்க. குடுத்ததத் திருப்பிக் கேட்டா என்ன செய்வ?"

"யாரும் கேக்க மாட்டாங்க. நான் கூடவே வர்றேன், வாங்க" என்றார் அக்கா.

"அறுப்பு முடியட்டும். மாசில வர்றேன்" என்று ஒத்துக்கொண்டாள். நான் புதுச்சேரிக்குத் திரும்பினேன்.

அறுப்பு முடிந்தது. மாசி பிறந்த வாரம் பனி அதிகம். அம்மாவுக்கு மூச்சு முட்டி, காரைக்கால் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு ஓட்டுக்கான உதவியைக் கேட்டு நான் கொம்யூன் ஆபீசுக்குப் போனேன். குடியிருப்பவர்தான் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள். அம்மா வந்து வைக்கவே இல்லை.